ஒன்றரைக் கிலோ கை

செப்டம்பர் 9, திங்கள்

சிமெண்டு கம்பெனிக்காரன் கொடுத்த டைரியில் மண்கல் சோதனையைப் பற்றி எழுதுகிறேன். அவனுக்குத் தெரிந்தால் அடுத்த வருஷம் டைரி தரமாட்டான்.

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ரெஜிஸ்டர் இருக்கும்போது தனியாக எதற்கு டைரி என்று கேட்பார்கள். ரெஜிஸ்டர் மேஜையில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். டைரி என் பையில் வீட்டுக்கு வரும்.

இன்று கரையடியூரிலிருந்து நான்கு கற்கள் வந்தன. சுடாத கல். செம்மண்ணைச் சலித்து, சிமெண்டு கொஞ்சம் சேர்த்து, கையால் இழுக்கும் இயந்திரத்தில் அமுக்கி, இருபத்தெட்டு நாள் ஈரச்சாக்குப் போட்டு வைத்தது. போன மார்கழி வெள்ளத்தில் அந்த ஊரில் இருபத்திரண்டு வீடுகள் கரைந்தன. சனங்கள் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் இருக்கிறார்கள். மகளிர் குழுப் பெண்கள் தாங்களே கல் அடித்து வீடு கட்டிக்கொள்ளப் போகிறார்களாம். கல் தேறினால் ஐப்பசி மழைக்கு முன்னால் சுவர் எழும்பிவிடும். தேறாவிட்டால் இந்த மழையும் தார்ப்பாய்தான்.

சோதனை இதுதான். ஐந்து மணி நேரம் தண்ணீரில், நாற்பத்திரண்டு மணி நேரம் ஓவனில். வெளியே எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு சுற்று. கடைசியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் எடை உதிர்ந்திருந்தால் தோல்வி. ஒன்று, இரண்டு, மூன்று தேய்க்கிற கற்கள். நான்காவதைத் தேய்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறோம்.

கல் கொண்டுவந்தவள் பெயர் முப்பிடாதி. குழுத் தலைவி, நாற்பது வயதிருக்கும். ஒவ்வொரு கல்லையும் பச்சைப்பிள்ளையைப் போல மேஜையில் கிடத்தினாள். இவ்வளவு பூப்போல வைக்கிற கல் எப்படிப்பட்ட கல்லோ என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

செப்டம்பர் 11, புதன்

முதல் சுற்று. ஒரு கல்லுக்கு இருபத்தாறு இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் பிரஷ் ஒன்றரைக் கிலோ அழுத்தத்தோடு கல்லில் பட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கல்லைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, பிரஷ்ஷை அழுத்தினால் கை எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும்.

மெர்லின் மேடம் புது விரிவுரையாளர், நாகர்கோவில் பக்கம், என் மகன் வயது. "அக்கா, தினமும் ஒரு தடவை தராசுல கையைப் பார்த்துட்டு ஆரம்பிப்போமா?" என்றார். நான் தராசைத் திரும்பிப் பார்க்காமல் பிரஷ்ஷை எடுத்தேன். வேலையில் சேர்ந்த வருஷமே பார்த்த கை இது. அன்று ஒன்றரை என்றால் இன்றும் ஒன்றரைதான்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். கரையடியூர்ப் பெண்களுக்கு மண் கலக்கச் சொல்லிக்கொடுத்தது இதே மேடம்தான். பாடம் நடத்தியவரே பரீட்சைத் தாளும் திருத்துவது போல இருக்கிறது. அதனால் தேய்ப்பதை நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உதிர்ந்தது: 71, 68, 74 கிராம். முப்பிடாதி வாசலிலேயே நின்றிருந்தாள். உதிர்ந்த தூளைப் பொட்டலம் கட்டித் தரமுடியுமா என்று கேட்டாள். எடை போட்டாகிவிட்டது, கொடுத்தேன். ஆனால் எதற்கு?

செப்டம்பர் 12, வியாழன்

சட்டைக் காலர் மறுபடியும் பிய்ந்துவிட்டது என்று வீட்டில் இவர் முணுமுணுத்தார். துணியின் தரம் அப்படி.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான், ஓவனுக்கு லீவு கிடையாது. மூன்றாம் சுற்று. புது பிரஷ்ஷில் கம்பியெல்லாம் அதற்குள் படுத்துவிட்டது. கொள்முதல் பிரிவில் யாரோ கமிஷன் அடித்திருக்கிறார்கள். போன வாரம் வந்த சாக்பீசும் அப்படித்தான், கல்லில் எண் எழுதுவதற்குள் மூன்று உடைந்தன.

முப்பிடாதி இன்றும் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பிரஷ்ஷைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படுத்த கம்பியை விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நான்காம் சுற்று. இரண்டு விஷயம்.

முப்பிடாதி வரவில்லை.

இரண்டாம் கல், தேய்ப்பதற்கு முன் எடை போட்டால் போன தடவையைவிட முப்பத்தெட்டு கிராம் கூடியிருக்கிறது. உதிர்ந்த கல் எப்படிக் கனக்கும்? ராத்திரி யாரோ கல்லை மாற்றிவிட்டார்கள். சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று என்னிடம், இன்னொன்று வாட்ச்மேனிடம். என்னுடைய சாவி பூட்டில் திருகித் திருகிக் கொஞ்சம் வளைந்துவிட்டது. அதையும் யாராவது தொட்டிருக்கலாம்.

மூன்று கல்லின் அடியிலும் ஆணியால் சின்னதாக ஒரு கீறல் போட்டேன். இது எனக்கு மட்டும் தெரியும்.

செப்டம்பர் 18, புதன்

முந்தாநாள் ராத்திரி நான்கு மணி நேரம் கரண்டு இல்லையாம். வாட்ச்மேன் சொல்கிறார். கல் முழுசாகக் காயாததால் எடை கூடியிருக்கலாம் என்று மெர்லின் மேடம் சொல்கிறார். இருக்கலாம். மின்வாரியத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன், கரண்டு போனது நிஜம்தான். இரண்டாம் கல்லை மறுபடியும் காயவைத்து எடை போட்டேன், சரியாக வந்தது. ஆனாலும் கீறல் இருக்கட்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நேற்று ஆறாம் சுற்றுக்கு நான் இல்லை. வள்ளியூரில் நாத்தனார் மகள் கல்யாணம். மெர்லின் மேடம் தேய்த்திருக்கிறார். உதிர்ந்தது 22, 21, 24 கிராம் என்று ரெஜிஸ்டரில் இருக்கிறது.

எழுபது எழுபதாக உதிர்ந்த கல் ஒரே நாளில் வைரம் பாய்ந்துவிட்டதா? பூனையைத் தடவுவது போலத் தடவியிருப்பார். தன் மாணவிகளின் கல் அல்லவா.

தராசில் கையைப் பார்த்துவிட்டுத்தான் தேய்த்தேன் என்று தானாகவே வந்து சொன்னார். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

செப்டம்பர் 23, திங்கள்

ஏழாம் சுற்று. 96, 93, 99. கணக்கில் இருபத்தாறு இழுப்புதான். விட்டுப்போனதைச் சேர்த்துப் பிடிக்கக் கை கொஞ்சம் கூடப் போயிருக்கலாம். இரண்டாவது பிரஷ் போய்விட்டது, மூன்றாவது எடுத்தேன்.

முப்பிடாதி வந்தாள். உள்ளங்கையெல்லாம் சிமெண்டு தின்ற வெடிப்பு. தூளில் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்து நறநறவென்று கடித்துப் பார்த்தாள். என்னத்துக்கு என்று கேட்டேன். "மணலு போவுதா களி போவுதான்னு பாக்குதேன் யக்கா" என்றாள். நடுவில் ஒரு வாரம் எங்கே போனாய் என்று கேட்டதற்கு, வேலை இருந்தது என்றாள். என்ன வேலை என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

ஒன்பதாம் சுற்று. சாயந்தரம் நல்ல மழை. முப்பிடாதியின் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறதாம். தார்ப்பாய்க்குள் தண்ணீர் வந்து, தொட்டிலை அந்த ஊர் ஓட்டல்காரர் வீட்டு வராந்தாவில் கட்டியிருக்கிறார்களாம். மெர்லின் மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள், என் காதிலும் விழட்டும் என்றுதான் வாசலருகே நின்று சொல்லியிருப்பாள். இதையெல்லாம் கேட்டுக் கை இளகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 2013 பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபர் 3, வியாழன்

பன்னிரண்டாம் சுற்று முடிந்தது. தோள்பட்டை வலிக்கிறது.

அக்டோபர் 7, திங்கள்

கடைசி எடை எடுத்து அறிக்கை போய்விட்டது. சராசரி உதிர்வு 886 கிராம். நூற்றுக்குப் பதினொன்று புள்ளி ஆறு. தோல்வி. பதினாறாம் தேதி, வீடு கட்ட அனுமதி தரும் மாவட்டக் கூட்டத்தில் வைப்பார்கள்.

முப்பிடாதியிடம் நானே சொன்னேன். அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி யக்கா" என்றாள். தூள்பொட்டலத்தை மறக்காமல் வாங்கிக்கொண்டாள். தோற்றவள் இவ்வளவு அமைதியாகப் போவது எனக்குப் பிடிபடவில்லை. வேறு ஏதோ சோதனைக்கூடத்தில் ஆள் பிடித்திருக்கிறாள்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுதபூஜை. வருஷத்துக்கு ஒருமுறை கூடத்திலிருக்கும் எல்லாக் கருவிகளையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். சல்லடை, அச்சு, ஓவன் எல்லாம் முடித்துக் கடைசியாகத் தராசுக்கு வந்தேன். தட்டில் மண் அப்பியிருந்தது. ஈரத்துணியால் தேய்த்தேன். தராசு அணைக்காமல் கிடந்திருக்கிறது. தேய்க்கத் தேய்க்க எண் ஓடியது. 3.2. 3.6. 3.4.

தராசு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஐந்து கிலோ படிக்கல்லை வைத்தேன். 5.0 என்று காட்டியது.

பிறகு நான்காம் கல்லை எடுத்துத் தட்டில் வைத்தேன். பூஜ்யமாக்கினேன். பிரஷ்ஷை எடுத்து, எண்ணைப் பார்க்காமல், வழக்கம்போல ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். 3.5. மறுபடி. 3.4. லேசாக என்று நினைத்து இழுத்தேன். 2.9. எனக்கே கூச்சமாக இருக்கும் அளவுக்கு, பூனையைத் தடவுவது போல இழுத்தேன். 1.5.

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் மெர்லின் மேடம் பொரிப் பொட்டலத்தோடு நின்றார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் நாளே சந்தேகம் அக்கா. வள்ளியூருக்கு நீங்க போன அன்னைக்கு உறுதியாச்சு. துறைத்தலைவர்கிட்ட சொன்னேன். சீனியர் ஆளு, விட்டுருங்கன்னு சொல்லிட்டார். நான் உங்ககிட்டயே நேரா சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

ஒரு மாதமாக நான் இந்தக் கட்டடத்தில் சந்தேகப்படாத ஆள் இல்லை. அந்த நேரமெல்லாம் என்னை ஒருத்தி சந்தேகப்பட்டிருக்கிறாள். அவள் சந்தேகம்தான் சரியாக இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, ஆனால் அதை வைக்க இடம் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

தராசுக்குப் பொட்டு வைக்கக் கை வரவில்லை. மேடம்தான் வைத்தார்.

அக்டோபர் 12, சனி

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து பக்கத்தில் நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"ஏளா, அந்தச் சமையக்காரம்மா செத்ததுலேருந்து நீ தோசக்கல்லுகூட விடாம அப்படித்தான் தேய்க்கே. நான் என்ன சொல்லுதது" என்றார்.

சரி, எழுதிவிடுகிறேன். 2013-ல் ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்குக் கல் சோதனை. இதே பன்னிரண்டு சுற்று. என் மகன் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கடைசி மூன்று சுற்றை நான் தேய்க்கவே இல்லை. முன்னால் வந்த எண்களைப் பார்த்து ஒத்துப்போகிற மாதிரி எழுதிவிட்டேன். அடுத்த கார்த்திகையில் அந்தச் சுவர் விழுந்தது. பிரமாச்சி என்ற சமையல்கார அம்மா அடியில் இருந்தாள். விசாரணையில் அஸ்திவாரத்துக்குக் கீழே மண் அரித்ததுதான் காரணம் என்று தீர்ந்தது. கல்லில் குறை இல்லை என்றார்கள். நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

அன்றிலிருந்து தேய்க்கிறேன். கை கனத்தது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுகிறேன், அது முழுக்க நிஜமா என்று தெரியவில்லை. தராசில் கையைப் பார்க்கலாமா என்று அந்தப் பெண் கேட்டபோது எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது? செப்டம்பர் 23 அன்று இழுத்தது இருபத்தாறு இல்லை. நாற்பது.

அக்டோபர் 14, திங்கள்

அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்ட கல்லை நல்லது என்று சொன்னால்தான் ஆபத்து, நல்ல கல்லை வேண்டாம் என்று சொன்னதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். "கட்டாத வீடு யார் தலையிலும் விழாது, இசக்கியம்மா."

ஒரு நிமிஷம் அதை நம்பிவிடத்தான் ஆசையாக இருந்தது. பதினோரு வருஷமாக நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஓட்டல்காரர் வராந்தாவில் கட்டிய தொட்டில் ஞாபகம் வந்தது. கடிதத்தை அவர் வாங்காவிட்டால் கூட்டத்துக்கு நானே தபாலில் அனுப்புவதாகச் சொன்னேன். வாங்கிக்கொண்டார். மறுசோதனைக்கு இருபத்தைந்து நாள் கேட்டு எழுதியிருக்கிறோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

லீவு போட்டுக் கரையடியூர் போனேன். குளத்துக்கரை ஓரமாக நீலத் தார்ப்பாய்கள் வரிசையாக நிற்கின்றன. ஓரங்களில் கல்லை வைத்து அமுக்கியிருக்கிறார்கள், எல்லாம் இவர்கள் அடித்த மண்கல்தான். முப்பிடாதி மண் சலித்துக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன், நாற்பது இழுப்பையும் சேர்த்து. அவள் சல்லடையை நிறுத்தவில்லை.

"பதினாறாந்தேதி கூட்டத்துல பாஸாயிருந்தா கார்த்திகைக்குள்ள ரெண்டு வீடாவது எழும்பியிருக்கும்" என்றாள். "இனி தைக்குப் பொறவுதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சல்லடையைத் தட்டிக் கீழே வைத்தாள்.

"ஒங்க கை கனம்னு மொதல்லயே தெரியும் யக்கா. பிரஷ்சு கம்பி படுத்துக் கெடந்துச்சுல்லா."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? போன மார்கழில எங்க சொவரத் தேச்ச தண்ணி, ஒண்ணரைக் கிலோன்னு பாத்தா தேச்சுச்சு?"

பிறகு என்னைத் தார்ப்பாய்க்குப் பின்னால் கூட்டிப்போனாள். ஈரச்சாக்கை விலக்கினாள். புதுக் கற்கள், நாற்பது ஐம்பது இருக்கும். முதல் மூன்று பொட்டலத்தைக் கடித்துப் பார்த்தபோதே மணல் கூடுதலாக உதிர்வது தெரிந்துவிட்டதாம். மண்ணை இன்னும் பொடிசாகச் சலித்து, வேறு பள்ளத்துக் களிமண்ணைக் கொஞ்சம் சேர்த்து, புரட்டாசி ஒன்றாம் தேதி இந்தக் கற்களை அடித்திருக்கிறார்கள். அவள் வராமல்போன அந்த வாரம். நான் இரண்டாம் கல்லின் அடியில் ஆணியால் கீறிக்கொண்டிருந்த அதே நாள்.

"பழசையே பாஸ் பண்ணச் சொல்லி சண்ட போட்டிருக்கலாம். அதுக்குள்ள நாந்தான படுக்கணும், எம்பேத்தி படுக்கணும்." சாக்கிலிருந்து நான்கு கல்லை எடுத்து அடுக்கினாள். "மூணு, புஸ்தகத்துல போட்டிருக்க மாரி தேயுங்க. இந்த ஒண்ணு ஒங்க கைக்கு. கொறைக்காம தேய்க்கணும்."

ஊர்ப் பெண்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று பஸ்ஸில் ஏறும்வரை பிடித்துவைத்திருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

கூட்டத்தில் அவகாசம் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றார் துறைத்தலைவர். வரட்டும். இன்று கல் தண்ணீரில் இறங்கியது.

அக்டோபர் 18, வெள்ளி

முதல் சுற்று. மெர்லின் மேடம் தராசுப் பக்கம் நிற்க, நான் பத்து தடவை கையைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தேன். ஒன்றரைக் கிலோவில் தேய்க்கும்போது ஏதோ தப்புச் செய்கிற மாதிரி உடம்பு கூசுகிறது. நான்காம் கல்லுக்கு வந்ததும் கை தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. 3.5. மேடம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விடியற்காலையிலிருந்து மழை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. குளத்துக்கரைத் தார்ப்பாய்களை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 9, சனி

பன்னிரண்டாம் சுற்று. காய்ந்த எடை பிறகுதான் எடுக்க வேண்டும், ஆனால் தோராயக் கணக்கு இன்றே தெரிந்துவிட்டது. முதல் மூன்று கல்லும் நூற்றுக்கு இரண்டைத் தொடவில்லை. என் கைக்குக் கொடுத்த கல் ஐந்தரை. பத்துக்குக் கீழே.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் தடவை மேடத்தைக் கூட்டச் சொன்னேன்.

முப்பிடாதி பேத்தியைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குழந்தைக்கு நெஞ்சில் சளி, மூச்சு விடும்போது கேட்கிறது. இந்த மழையை அது தார்ப்பாய்க்குள்தான் கழிக்க வேண்டும். அதில் ஒரு பங்கு என்னுடையது. இதை யார் விளக்கம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன்.

பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "போதும் யக்கா" என்றாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். குழந்தையை என்னிடம் நீட்டி, பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்க வேண்டும், கொஞ்சம் பிடியுங்கள் என்றாள். என் கையைப் பற்றி எல்லாம் தெரிந்தவள், ஒரு வார்த்தைகூட எச்சரிக்காமல் கொடுத்துவிட்டுப் பையைத் துழாவினாள்.

கனமே இல்லை. மூன்று கிலோகூட இருக்காது. நான் மூச்சுவிடாமல் பிடித்திருந்தேன்.

திங்கட்கிழமை புது பிரஷ் வாங்க எழுதிக் கொடுக்க வேண்டும். நாலாவதும் கம்பி படுத்துவிட்டது. கொள்முதல் பிரிவைக் குறை சொல்லி எழுதப்போவதில்லை.